தெருமூடி மடத்தில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களின் பயணத்தில் நல்லூர் இருக்கும், நயினாதீவு இருக்கும், கீரிமலையும் இருக்கும். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய பருத்தித்துறைத் தெருமூடி மடம் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெல்லியடி வழியாகவும் வல்வெட்டித்துறை வழியாகவும் பஸ் உண்டு. இரண்டாவது வழியில் போனால் வல்வெட்டித்துறைக்கு அப்பால் கடல் கூடவே வரும். பருத்தித்துறையில் இறங்கித் தும்பளை வீதியைக் கேளுங்கள்.

பெயரே அமைப்பைச் சொல்லிவிடுகிறது. இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், செதுக்கிய கற்றூண்கள், நடுவே போகும் தெருவையும் சேர்த்து மூடும் கூரை. வெயிலில் நடந்து வந்தவர் வழியை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுவார். கதவு இல்லை, ஆகவே யாரிடமும் இடம் கேட்க வேண்டியதில்லை. இதைக் கட்டியவர்களின் மனம் அந்தக் கதவில்லாமையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வான் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். திண்ணையில் அமர்ந்து, ஒரு தூணைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே யாராவது இளைப்பாறிக்கொண்டிருந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பிள்ளைகள் தூணில் பெயர் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வீதிகளில் இத்தகைய மடங்களோடு கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு உரசும் ஆவுரோஞ்சிக் கல் ஆகியவையும் இருந்தன. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைப்பது வழக்கம். வழியில் ஒன்றைக் கண்டால் வெறும் கல் என்று கடந்துவிடாதீர்கள்.

மடத்தின் குணம் வீட்டுக்குள்ளும் வந்தது. அதுதான் சங்கடப்படலை: கூரை போட்ட வாசல், வழிப்போக்கர் இருக்க இருபுறமும் திண்ணை, பக்கத்தில் தண்ணீர்ப் பானை. தெருவில் போகிறவருக்கு வீடு தன் வாசலை விட்டுக்கொடுத்தது. இன்று அந்த இடங்களில் பெரும்பாலும் இரும்புக் கேற்றும் உயர்ந்த மதிலும் நிற்கின்றன.

உங்கள் பூர்வீக வீட்டில் சங்கடப்படலையோ பழைய திண்ணையோ மிஞ்சியிருந்தால், இடிக்கச் சொல்லும் முன் நீள அகலத்தை அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். திருத்துவதானால் சுண்ணாம்புச் சாந்தில் பழகிய மேசனைத் தேடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். கூரை மரத்தில் வைரம் பாய்ந்த பனை இருந்தால், உளுத்ததை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.