கேரம் போர்டில் உந்தம் படிப்போம்

உந்தத்துக்கும் (நிறை × வேகம்) இயக்க ஆற்றலுக்கும் (நிறை × வேகத்தின் வர்க்கம், அதில் பாதி) என்ன வித்தியாசம் என்று கேட்டால், சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட முழிப்பார்கள். வீட்டில் கேரம் போர்டு இருந்தால் ஒரு மாலையில் விளங்கிவிடும். கோலிக்குண்டு வேண்டாம். அது உருளும், சுழற்சியிலும் ஆற்றல் இருப்பதால் கணக்கு குழம்பும். கேரம் காய் வழுக்கித்தான் போகும்.

வேகத்தை அளக்கக் கருவி? தேவையில்லை. காயை நிறுத்துவது உராய்வு என்பதால், அது போய் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

1. பவுடரைச் சீராகத் தூவுங்கள். நடுவில் மறுபடி தூவாதீர்கள். நான் ஒருமுறை தூவிவிட்டு, அதுவரை எடுத்த அளவுகளையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

2. விரலால் சுண்டினால் வேகம் தடவைக்குத் தடவை மாறும். தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களின் அடியில் ரப்பர் பேண்டை மாட்டி, காயை எப்போதும் ஒரே குறி வரை இழுத்து விடுங்கள். பேண்டுக்கு 5 செ.மீ. முன்னால் ஒரு புள்ளி வையுங்கள். எல்லாத் தூரமும் அங்கிருந்துதான். காய் அதைத் தாண்டி 40 செ.மீ. போகும்படி இழுப்பைச் சரிசெய்யுங்கள்.

3. புள்ளியில் இன்னொரு காயை வைத்து நேராக இடிக்க விடுங்கள். வந்த காய் ஏறக்குறைய நின்றுவிடும். மற்றது 40-ஐ விடக் கொஞ்சம் குறைவாகப் போகும். 'டக்' என்ற சத்தத்துக்கும் ஆற்றல் செலவாகிறதே! சாய்வாக இடித்தால் இரண்டும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிரியும், கேரம் ஆடுபவர்களுக்குத் தெரிந்ததுதான்.

4. முக்கியமானது இதுதான். நிற்கும் காயின் விளிம்பில், போர்டில் படாதபடி, துளி களிமண் ஒட்டுங்கள். இடித்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகரும். நிறை இரண்டு மடங்கு, ஆகவே உந்தம் மாறாமலிருக்க வேகம் பாதியாக வேண்டும். அப்படியானால் தூரம் கால்பங்கு, அதாவது 10 செ.மீ. அளந்து பாருங்கள், அதை ஒட்டித்தான் வரும். சரி, ஆற்றல்? நிறை இரட்டிப்பு, வேகத்தின் வர்க்கம் கால், பெருக்கினால் பாதிதான். மீதிப் பாதி களிமண்ணை நசுக்கி வெப்பமாகிவிட்டது. மோதலில் உந்தத்துக்கு அந்தச் சேதாரம் கிடையாது. காய்கள் சுழன்றால் அந்தத் தடவையை விட்டுவிடுங்கள்.

5. அப்புறம் ஸ்டிரைக்கர். அது 15 கிராம் வரை இருக்கும், காய் 5 முதல் 5.5 கிராம்; தோராயமாக மூன்று மடங்கு. ஆற்றல் வீணாகாத மோதலானால் ஸ்டிரைக்கர் பாதி வேகத்தில் தொடரும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாயும். காயின் வேகம் ஸ்டிரைக்கருடையதைப்போல் மூன்று மடங்கு, ஆகவே தூரம் ஒன்றுக்கு ஒன்பது. நிஜத்தில் ஒன்பது வராது. ஆறோ ஏழோ வந்தால் அளவில் தப்பில்லை. அதே இழுப்பில் கனமான ஸ்டிரைக்கர் மெதுவாகத்தான் போகும், அதனால் இதற்கு மட்டும் ரப்பர் பேண்டைக் கொஞ்சம் கூடுதலாக இழுங்கள், ஆனால் காய் எதிர்க் கட்டையில் பட்டுத் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.