பாய்மரப் படகை டிரெய்லரில் இழுக்கும்போது மோட்டாரை என்ன செய்வது?

அமெரிக்காவில் கேட்டலீனா 22 போன்ற சிறு பாய்மரப் படகுகளை வைத்திருப்போரில் பலர், படகை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, வேண்டும்போது டிரெய்லரில் ஏரிக்கு இழுத்துச் செல்கின்றனர். ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள படகின் பின்னால் 25 கிலோ அளவிலான 5 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் தொங்குவதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றுவது இயல்பே.

இங்கே சிக்கல் எடையில் இல்லை, அது தொங்கும் இடத்தில் இருக்கிறது. இவ்வகைப் படகுகளில் மோட்டார், பின்பலகையிலிருந்து சற்று விலகி நிற்கும், மேலும் கீழும் நகரக்கூடிய ஸ்பிரிங் தாங்கி ஒன்றில் மாட்டப்படுகிறது. நீரில் புரொப்பல்லர் தரும் உந்துதலுக்காகச் செய்யப்பட்ட அத்தாங்கி சாலைப் பள்ளங்களுக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு குலுக்கலிலும் மோட்டார், தாங்கியைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகளைக் கடப்பாரைபோல் நெம்புவதால், நாளடைவில் அவற்றைச் சுற்றியுள்ள அடைப்பு விட்டு, ஃபைபர்கிளாஸுக்குள் இருக்கும் ஒட்டுப்பலகையில் நீர் இறங்கி அதை உளுத்துப்போகச் செய்யும்.

எனவே, தூக்க முடிந்த மோட்டாரைக் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றியதும் உள்ளிருக்கும் நீர் வடியும்வரை அதை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். அடிப்பகுதி தலைப்பகுதியைவிட உயர்ந்தால் வெளியேற்றுக் குழாய் வழியாக நீர் சிலிண்டருக்குள் போய்விடக்கூடும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை, தயாரிப்பாளர் கையேட்டில் குறித்துள்ள பக்கமாக மட்டுமே படுக்க வைக்க வேண்டும். தவறான பக்கத்தில் கிடத்தினால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறும். பெட்ரோல் ஆவி சேரக்கூடுமாதலால், ஆட்கள் அமரும் பகுதியில் அதை வைக்காமல், வண்டியின் திறந்த பின்தட்டில் கட்டி வைக்கலாம்.

கழற்ற இயலாதபோது, முதலில் படகின் பின்பகுதியை டிரெய்லரோடு பட்டையால் இறுகக் கட்டுங்கள். தரையில் உரசாத அளவுக்கு இடைவெளி இருந்தால் மோட்டார் நிமிர்ந்தே வரலாம். பெட்ரோல் பங்கின் நுழைவுச் சரிவில் முதலில் இடிபடுவது மோட்டாரின் அடிநுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடே என்பதை அளக்கும்போது நினைவில் கொள்ளுங்கள். சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டுமென்றால், சாய்வுப் பூட்டை மட்டும் நம்பாமல், இடையில் மரக்கட்டை ஒன்றைச் செருகி, மோட்டார் அதன்மேல் அழுந்துமாறு பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். திருப்புக் கைப்பிடி பக்கவாட்டில் ஆடாமலும், மோட்டாரைத் தாங்கியில் இறுக்கிப் பிடிக்கும் பிடிதிருகுகள் தளர்ந்தால் அது சாலையில் விழாமலும் இருக்கத் தனிக் கயிறுகள் தேவை. மோட்டார் பின்விளக்கையும் எண் பலகையையும் மறைக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அமெரிக்க வழக்கில், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை, அதை வண்டியோடு இணைக்கும் முன்கொக்கியில் இறங்க வேண்டும். கொக்கியிலிருந்து 5 மீட்டரில் டிரெய்லரின் சக்கர அச்சும், அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் 25 கிலோ மோட்டாரும் இருந்தால், கொக்கியில் 10 கிலோ குறையும். தனியாகப் பார்த்தால் இது சிறிதே. ஆயினும் பெட்ரோல் தொட்டி, பேட்டரி, சுக்கான் எல்லாம் பின்னாலேயே சேர்ந்தால், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். தொட்டி, நங்கூரம் முதலியவற்றை முன்னே நகர்த்துவது எளிய தீர்வு.

புறப்பட்ட சில கிலோமீட்டரில் நிறுத்திப் பட்டைகளையும் பிடிதிருகுகளையும் மறுபடி இறுக்குங்கள். படகுத்துறைச் சரிவில் இறங்குமுன் மோட்டாரை உயர்த்திவிட்டு, படகு மிதந்து போதிய ஆழத்துக்கு வந்த பின்னரே இறக்க வேண்டும்.