பழைய யெஸ்டியை ஹாலில் நிறுத்துவது எப்படி

என் தொழில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போடுவது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை. வண்டி மெக்கானிக் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஹாலில் நிற்கும் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, "இதை எப்படிங்க செஞ்சீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

வண்டி என் மாமனாருடையது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். 250 சிசி, ஒற்றை சிலிண்டர், இரண்டு சைலன்சர். மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி செய்த வண்டி. 1973-ல் ஜாவா என்ற பேர் போய் யெஸ்டி வந்தது, 1996-ல் கம்பெனியே மூடிப்போனது. சனிக்கிழமையானால் மாமனார் பின்னால் மிளகு மூட்டையைக் கட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வருவார். அவர் போன பிறகு பதினோரு வருஷம் வண்டி காப்பிக் களத்து ஓரக் கொட்டகையில் நின்றது.

முதலில் காகித வேலை. வண்டி இறந்தவர் பேரில் இருந்தால் வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்குப் படிவம் 31. அலங்காரத்துக்குத்தானே, ஆர்.சி. (பதிவுச் சான்று) எதற்கு என்று என் மச்சான் கேட்டான். வண்டியை இனி ஓடவே முடியாதபடி ஆக்கிவிட்டால், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. நான் அப்படி ஆக்க விரும்பவில்லை. 2021-ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டியை வின்டேஜ் என்று பதியலாம், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். எங்களுடையது 1978 வண்டி. ஐம்பதைத் தொடும்போது என் மகன் என்ன நினைப்பானோ, யார் கண்டது? அதனால் நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றுதான்: திரும்பக் கழற்ற முடியாத எதையும் வண்டியில் செய்யக் கூடாது. அறுப்பது, பற்றவைப்பது, சேசிஸ் நம்பர் மேல் உப்புத்தாள் போடுவது, மூன்றும் கிடையாது. பாதி வண்டியை அறுத்துச் சுவரில் மாட்டுவதும், டேங்கைப் பிளந்து விளக்கு வைப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஆசை இருந்தால் காயலான் கடையில் கிடைக்கும் தனி டேங்கை வாங்கிச் செய்யுங்கள். முழு வண்டியில் கை வைக்காதீர்கள்.

வண்டியை மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்கு முன் அங்கேயே, வெட்டவெளியில், டேங்கில் இருக்கும் பெட்ரோலை இறக்கிவிடுங்கள். பதினோரு வருஷப் பெட்ரோல் பெட்ரோலாகவே இருக்காது, வார்னிஷ் போல நாறும். காலி டேங்க் இன்னும் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும், ஒரு பொறி போதும். தண்ணீர் நிரப்பிக் கொட்டி, மூடியைத் திறந்து காற்றாட வைத்த பிறகே ஏற்றினோம். சின்ன யானை வண்டிக்காரர் குப்பனூர் வழியாக இறக்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. அந்த யெஸ்டி பழகிய பாதை அடிவாரம் வழிதான், கடைசித் தடவையும் அதிலேயே இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். ஒயர் எது எங்கே போகிறது என்று தனியாக எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் முட்டை அட்டையின் குழியில் போட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள். இறுகிப்போன நட்டுக்கு மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து இரவு முழுக்க ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் தலை வழுக்கிவிடும். சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தது. இடது சைலன்சருக்குள் குளவி மண்ணை அப்பி வைத்திருந்தது. கையை விட்டுத் துழாவாதீர்கள், கம்பியை விடுங்கள்.

எஞ்சின் ஓட வேண்டியதில்லை, ஆனால் சுற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு கலக்கிற ஆயில்) கலந்து கொஞ்சம் ஊற்றிப் பத்து நாள் விட்டேன். அப்புறம் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் தினமும் மெதுவாக ஆட்ட, ஆட்டத் தொடங்கிய எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ 'களக்' என்று விட்டுக்கொடுத்தது. கிக்கரில் ஏறி மிதிக்காதீர்கள், உள்ளே ஒட்டிய பிஸ்டன் ரிங் உடைந்தே போகும். யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே தண்டு. உள்பக்கம் அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், கீழே இறக்கினால் கியர். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத் திருப்பிக் காட்டச் சொல்லித்தான் நிற்கிறார்கள். அந்த இடத்தில் மட்டும் கிரீஸை வஞ்சனையில்லாமல் வையுங்கள்.

டேங்கின் உட்பக்கத் துருவுக்குப் புளி நல்லது என்று ஒருவர் சொன்னார். அரைக் கிலோ பழைய புளியைக் கரைத்து ஊற்றினேன். துரு போனதோ இல்லையோ, நார் போய்ப் பெட்ரோல் டேப்பில் அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் செய்ய ஒரு நாள். பேசாமல் வெள்ளை வினிகரை நிரப்பி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு, இரண்டு நாள் அவ்வப்போது குலுக்குங்கள். கொட்டிய உடனே ஆப்ப சோடாத் தண்ணீரால் கழுவி, முடி உலர்த்தும் மிஷினால் ஈரத்தைப் போக்கி, 2டி ஆயிலை ஊற்றி உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டிவிட வேண்டும். வெறும் இரும்பைச் சும்மா விட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி சிவந்துவிடும். நட்டு எத்தனை போட்டீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் வைக்கிற வண்டிக்கு உண்மையான பிரச்சினை துரு இல்லை, நாற்றம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சருக்குள் பல வருஷத்து ஆயில் கரி அப்பியிருக்கும். வெயில் ஏறினால் அது இளகி மணக்கும். முதல் வாரம் என் மனைவி, "ஏங்க, இது ஹாலா, ஒர்க்‌ஷாப்பா?" என்றாள். சோறு இறங்கவில்லை என்றாள். உண்மைதான், எனக்கே இறங்கவில்லை. சைலன்சரின் வாலில் சத்தத்தைக் குறைக்க இருக்கும் பாஃபிள் குழாயை மட்டும் உருவி, இரும்பு வாளியில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு நாள் போட்டேன். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியத்தை அதில் போட்டுவிடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும். வெளிக் குழாயை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கொட்டி, மொட்டை மாடி வெயிலில் நான்கு நாள் காயவைத்து, இரண்டு வாயிலும் தக்கை வைத்து அடைத்தேன். கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பேட்டரி வீட்டுக்குள் வரவே கூடாது. இத்தனைக்கும் பிறகு டூல் பாக்ஸுக்குள் ஒரு துணியில் காப்பித்தூள் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி கேட்டால் அது மாமனார் ஞாபகத்துக்கு என்று சொல்வேன்.

இனி என் தொழில். குரோம் மேல் படிந்த துருவுக்கு அலுமினியத் தாளைச் சின்னதாகக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மெத்து, அதனால் கீறாது, துருப் புள்ளி மட்டும் உரியும். அப்புறம் கொலுசுக்குச் செய்வது போலவே பூந்திக்கொட்டைத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும். சந்து பொந்தில் இருக்கிற பிசுக்கெல்லாம் வந்துவிடும். எஞ்சின் மூடிகள் அலுமினியம், அவற்றைத் துணிச் சக்கரம் சுற்றும் பஃப் மோட்டாரில் கொடுக்கலாம். விளிம்பை மட்டும் சக்கரத்துக்கு எதிராகக் காட்டாதீர்கள், பிடுங்கி எறிந்துவிடும். பட்டறையில் இப்படிப் பறந்த தட்டு ஒருவர் தாடையைக் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன். புடைத்த எழுத்துகள் மேல் சக்கரம் படவே வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் எழுத்து மழுங்கிவிடும், கையால் தேயுங்கள். அலுமினியம் தேய்த்த தூசியைக் கூட்டி எடுக்காமல் அதே இடத்தில் இரும்பைத் தேய்க்காதீர்கள். பொறி பட்டால் அந்தத் தூசி பற்றிக்கொள்ளும்.

ஹேண்டில்பாரை மட்டும் ஆசைப்பட்டு ஒரு கடையில் புதுக் குரோம் போடக் கொடுத்தேன். அதுதான் இதில் நான் செய்த பெரிய தப்பு. கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. பூட்டிப் பார்த்தால் அதுவரை அழகாகத் தெரிந்த மற்றதெல்லாம் கிழடு தட்டிப்போனது. ஒன்று எல்லாவற்றையும் புதுப்பியுங்கள், இல்லையென்றால் எதையும் புதுப்பிக்காதீர்கள். பிறகு நைஸ் ஸ்டீல் உல்லை வைத்து அந்தப் பளபளப்பை நானே கொஞ்சம் குறைத்தேன். மெருகு போட்டுப் பிழைக்கிறவன் மெருகை இறக்கியது அன்றைக்குத்தான்.

பெயின்டில் வீட்டுக்குள் சண்டையே வந்தது. மச்சான் மொத்தமாக மெரூன் அடித்துத் தங்கக் கோடு போடலாம் என்றான். எனக்கு மனசு வரவில்லை. டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் ரப்பர் இருக்கிறதல்லவா, அதில் வலது பக்கம் மட்டும் வரி தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. வளைவுகளில் அவர் அந்தக் காலை அழுத்துவாராம். கேரியரில் மிளகு மூட்டைக் கயிறு அறுத்த தடம் இருக்கிறது. என் மனைவி சின்ன வயசில் டேங்க் மேல் உட்கார்ந்து வந்தவள். வண்டி ஹாலுக்கு வந்த அன்று யாரிடமும் பேசாமல் அந்த ரப்பரைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். அதோடு மெரூன் பேச்சு நின்றது. டேங்க், பக்கப் பெட்டிகள், கேரியர் மூன்றையும் கழுவி மெழுகு மட்டும் பூசினேன். துரு தின்ற சேசிஸின் அடிப்பக்கமும் மட்கார்டின் உட்பக்கமும்தான் பெயின்ட் கண்டன. துருவை 80 நம்பர் உப்புத்தாளில் எடுத்து, 220-ல் இழைத்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கை, அதன் மேல் கறுப்பு இரண்டு கை. பளபளக்கும் கறுப்பு வேண்டாம், சாட்டின் கேளுங்கள். முழுதாக அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையில் கொடுங்கள். இரண்டு பாகம் கலக்கும் பி.யு. பெயின்ட்டின் புகை நுரையீரலுக்கு ஆகாது, வீட்டு மாடியில் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அது இல்லை.

நிறுத்தும் இடம். வண்டி சுமார் 130 கிலோ. சென்டர் ஸ்டாண்டில் போட்டால் அந்த எடையில் பெரும்பகுதி இரண்டு சின்னக் கால்களில் இறங்கும். எங்கள் டைல்ஸ் ஒன்று முதல் நாளே விரிசல் விட்டது. பிறகுதான் மேடை செய்தேன். தோட்டத்தில் காப்பிச் செடிக்கு நிழலுக்காகச் சில்வர் ஓக் வளர்ப்பார்கள், அதில்தான் மிளகுக் கொடி ஏறும். காற்றில் சாய்ந்த மரம் ஒன்று பலகையாகக் கிடந்தது. இரண்டு அங்குலக் கனம், பூச்சி மருந்து அடித்து, அடியில் ரப்பர் கொடுத்து, ஆறரை அடி நீளத்துக்கு மேடை. ஸ்டாண்டின் கால்களைப் பலகையோடு 'யு' கிளாம்ப் போட்டுப் பிடித்திருக்கிறேன். பிள்ளைகள் ஏறாமல் இருக்க மாட்டார்கள், ஏறினால் சாயக் கூடாது. டயர் தரையில் நேராகப் பட்டால் கறுப்புத் தடம் விழும், அது போகவே போகாது. எஞ்சினுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். யெஸ்டி ஆயில் சொட்டாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஜன்னல் வெயில் படாத சுவராகப் பாருங்கள். மேலே இருந்தவரை பனி அதைத் துருப்பிடிக்க வைத்தது, இங்கே சேலத்து வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும். ரப்பருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சிலிக்கான் ஸ்ப்ரே, துணியில் அடித்துத் துடைக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால்தான் வண்டிக்கு உயிர். வண்டியின் பழைய ஒயரிங் 6 வோல்ட், அதைத் தொடாதீர்கள். பல்பை மட்டும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, ஹெட்லைட் கூட்டுக்குள் 12 வோல்ட் மஞ்சள் எல்.இ.டி. துண்டு ஒன்றை ஒட்டி, தனி ஒயரை ஃபோர்க்கின் பின்பக்கமாக இறக்கி, மேடைக்கு அடியில் அடாப்டரில் கொடுத்தேன். வெள்ளை வெளிச்சம் வாங்காதீர்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்.

மாதம் ஒரு தடவை சக்கரங்களைக் கால் சுற்று நகர்த்தி, எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, குரோமை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்கு மட்டும் ஒரு ஏற்பாடு வேண்டும். போன வருஷம் ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, ஹெட்லைட் வளையத்தில் ஈரச் சந்தனத்தை அப்பி மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டார்கள், புளிப்பு இறங்கிய இடமெல்லாம் மங்கலாகப் புள்ளி விழுந்துவிட்டது. இப்போது பொட்டு நம்பர் பிளேட்டுக்கு, எலுமிச்சம்பழம் மேடைப் பலகைக்கு.