கால் எட்டாத வண்டியின் சீட்டைத் தாழ்த்துவது எப்படி

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மி.மீ. என் உயரம் ஐந்தடி மூன்று, நுனிக்கால் மட்டும்தான் தரையைத் தொடும். சமதளத்தில் சமாளிக்கலாம், ஆனால் ஏற்றமான சாலையில் நிறுத்தும்போது கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் பிடிக்கவே முடியாது.

எடுத்தவுடனே பின்சக்கர ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள். முதலில் சீட். இந்த வண்டியின் சீட்டை 825, 845 என்று இரண்டு உயரத்தில் மாட்டலாம், உங்களுடையது கீழ்நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக விற்கிற தாழ்வான சீட்டைப் போட்டால் 805-க்கு இறங்கும். உள்ளூர் சீட் கடையில் ஃபோமைச் செதுக்குவதும் நல்ல வழிதான், ஆனால் பலர் மேல்பக்கத்தை மட்டும் வெட்டச் சொல்கிறார்கள், அதைவிட முதலில் டேங்கை ஒட்டிய இரண்டு ஓரங்களையும் குறுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அகலமான சீட்டில் தொடை விரிந்துபோவதால் காலின் நீளம் வீணாகிறது. மேலே ரொம்ப வெட்டினால் அடித்தகடு உறுத்தும், முழங்காலும் அதிகமாக மடங்கி ஒரு மணி நேரத்தில் வலிக்கும்.

அப்படியும் போதவில்லையா? சரி, இனி ஸ்பிரிங். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கிற அளவை, தளர்த்தினால் வண்டி தாழும்தான், ஆனால் பள்ளத்தில் ஷாக் அடிவரை போய் இடிக்கும். தாழ்த்துவதற்கென்றே வரும் ஸ்பிரிங் நீளம் குறைவு, விறைப்பு அதிகம், அதனால் அந்த இடி குறையும். உங்கள் எடையைச் சொல்லி வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கின் சுற்றை அறுத்துப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள். கழற்றி மாட்டுவதை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரஸர் கருவி வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் விடுங்கள், அழுத்தத்தில் இருக்கிற ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே காயப்படுத்தும்.

பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் ஹேண்டில் மந்தமாகும், அதனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடித்திருக்கிற கிளாம்பில் அதற்கேற்ப மேலே ஏற்ற வேண்டும், அப்போதுதான் முன்பக்கமும் தாழும். ஃபோர்க் முழுசாக அமுங்கும்போது டயரோ மட்கார்டோ எங்கும் இடிக்கக் கூடாது. அப்புறம் செயின் தளர்வு, ஹெட்லைட் கோணம் இரண்டையும் மறுபடி சரிபாருங்கள். தரைக்கும் இன்ஜினுக்கும் உள்ள 230 மி.மீ. இடைவெளியும் குறையும், கற்பாதையில் போகிறவர்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பலர் மறப்பது சைடு ஸ்டாண்டை. வண்டி தாழ்ந்ததும் ஸ்டாண்டு நீளமாகிவிடும், வண்டி நெட்டுக்குத்தாக நின்று லேசாகத் தட்டினாலே மறுபக்கம் விழும். இரண்டு டயருக்கும் அடியில் பலகை வைத்து, பழைய சாய்வு வரும்வரை பலகையின் தடிமனைக் கூட்டிப் பாருங்கள், அந்தத் தடிமன்தான் ஏறக்குறைய ஸ்டாண்டில் வெட்ட வேண்டிய அளவு. வெல்டரிடம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சொல்லுங்கள், போதாவிட்டால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.