நீண்ட ஆங்கிலச் சொற்களைப் பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் நம் பிள்ளைகள் மலாயைச் ‘சுக்கு காத்தா’ முறையில் அசை அசையாகக் கூட்டி வாசிக்கிறார்கள். தமிழையும் எழுத்துக் கூட்டியே படிக்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய எழுதியபடியே ஒலிப்பதால், ஆங்கிலத்தையும் அவ்வாறே பிரிக்க முற்படுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

எழுத்துகளையோ, எழுத்தில் தெரியும் உயிர்களையோ எண்ணி அசைகளைக் கணக்கிடுவது முதல் தவறு. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ (strengths) என்பதில் 9 ஆங்கில எழுத்துகள் இருந்தும் அசை ஒன்றுதான். ‘வெஜிடபிள்’ (vegetable) என்பதில் 4 உயிரெழுத்துகள் இருந்தும் பேச்சில் 3 அசைகளே கேட்கும். அதன் இறுதியை மேசையைக் குறிக்கும் ‘டேபிள்’ போல நீட்டக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, எல்லா அசைகளையும் ஒரே அழுத்தத்தில் உச்சரிப்பது. மலாயில் ‘தெக்னொலொகி’ என்று சமமாக ஒலித்துப் பழகிய நாக்கு ‘டெக்னாலஜி’யையும் அப்படியே சொல்கிறது, ஆங்கிலத்திலோ இரண்டாம் அசை உரத்து நீண்டு ஒலிக்க, அடுத்து வருபவை தளர்ந்து குறுக வேண்டும். அழுத்தம் இடம் மாறினால் சொல்லே மாறுவதும் உண்டு: ‘ரெக்கார்ட்’ என்பதில் முதல் அசை அழுந்தினால் பெயர்ச்சொல், இரண்டாவது அழுந்தினால் வினைச்சொல். விகுதி சேரும்போதும் அழுத்தம் நகரும். ‘ஃபோட்டோகிராஃப்’ முதல் அசையிலும், ‘ஃபொட்டாகிரஃபி’ இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ மூன்றாம் அசையிலும் அழுத்தம் பெறுகின்றன. ‘-ஷன்’, ‘-இட்டி’, ‘-இக்’ என முடியும் சொற்களில் விகுதிக்கு முந்திய அசையே பொதுவாக அழுந்தும் என்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ‘அராபிக்’, ‘பாலிட்டிக்ஸ்’ போன்ற விலக்குகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ‘-மென்ட்’, ‘-னெஸ்’ ஆகியவை பொதுவாக அழுத்தத்தை அசைப்பதில்லை.

ஒலிப் பிரிவையும் பொருட்பிரிவையும் ஒன்றெனக் கொள்வது இன்னொரு தவறு. ‘ஹெலிகாப்டர்’ ஒலியில் ஹெ-லி-காப்-டர் என்று பிரியும். பிறப்பிலோ அது சுருளைக் குறிக்கும் ‘ஹெலிகோ’, சிறகைக் குறிக்கும் ‘ப்டெரான்’ என்னும் இரு கிரேக்கப் பகுதிகளால் ஆனது. இரண்டாம் பகுதி தொடங்கும் இடம், நாம் ஒரே மூச்சில் சொல்லும் ‘காப்’ என்னும் அசைக்குள்ளேயே விழுகிறது.

அகராதியைப் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். சில அகராதிகளில் தலைச்சொல்லுக்கு நடுவே வரும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே முறிக்கலாம் என்று காட்டுபவை. அவை எப்போதும் அசையெல்லை ஆகா. பல அகராதிகளின் உச்சரிப்புக் குறிப்பில் மேலே நிற்கும் சிறு கோடு, தனக்கு அடுத்து வரும் அசைக்கே உரியது.