"நேத்து எங்கெல்லாம் போனீங்க?": பயணக் கணக்கெடுப்பைப் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதியம் 3 மணி. வீட்டில் இருக்கும் அம்மாவிடம் கணக்கெடுப்பாளர் கேட்கிறார்: "நேத்து எங்கெல்லாம் போனீங்கம்மா?"

"நான் எங்கம்மா போறேன், வீட்லதான் இருந்தேன்."

படிவத்தில் பூஜ்யம் விழுகிறது. அப்படியே எழுந்து போகாமல், காலையில் கண் விழித்ததிலிருந்து வரிசையாகக் கேட்டால் கதை மாறும். பிள்ளையைப் பள்ளியில் விட்டார். திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். 11 மணிக்கு ரேஷன் கடைக்குப் போய் வந்தார். சாயந்திரம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்து, பிறகு டியூஷனில் விட்டு, அங்கிருந்து கோயிலுக்குப் போய், மறுபடி டியூஷன் வாசலுக்கு வந்து பிள்ளையோடு வீடு திரும்பினார். எண்ணிப் பாருங்கள், 11 பயணங்கள். அத்தனையும் நடைதான்.

சில ஆண்டுகள் இப்படி வீடு வீடாகப் படியேறி, பிறகு அந்தப் படிவங்களை வைத்து அறிக்கை எழுதும் மேசைக்கு வந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். பயணக் கணக்கெடுப்பு இல்லாமல் பேருந்துத் தடமோ, மெட்ரோ பாதையோ, பெரிய குடியிருப்புக்கான பிளான் அப்ரூவலோ எதையும் ஒழுங்காகத் தீர்மானிக்க முடியாது. ஆனால் அதைத் தவறாகப் படித்தால் 30 ஆண்டுகளுக்கு இடிக்க முடியாத கான்கிரீட்டாக அந்தத் தவறு நிற்கும்.

பூஜ்யத்தை அப்படியே நம்புவது

கணக்கெடுப்பு நடக்கும் முறை எளிமையானது. நகரத்தில் சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் முந்தைய நாள் எங்கிருந்து எங்கே, எப்போது, எதற்காக, எதில் போனார்கள் என்று கேட்பார்கள். பிறகு அதை நகரம் முழுவதற்கும் பெருக்கிக்கொள்வார்கள். நடைமுறையில், வீட்டில் இருக்கும் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார். மகன் ஆபீஸ் போய் வந்தது அவருக்குத் தெரியும். நடுவில் அவன் டீக்கடைக்கும் வங்கிக்கும் போனது தெரியாது. தான் நடந்து போனதையோ அவரே பயணமாக நினைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு 'முக்கிய வாகனம்' என்று பதிவு செய்வது வழக்கம். வீட்டிலிருந்து 800 மீட்டர் நடந்து, ஷேர் ஆட்டோ ஏறி, பேருந்து மாறி, கடைசியில் மறுபடி நடந்தால், தாளில் 'பேருந்து' மட்டும் இருக்கும்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக (சி.எம்.டி.ஏ.) 2008 வாக்கில் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில் சென்னைப் பெருநகரப் பயணங்களில் நடை 28 சதவீதம், பேருந்து 26, இருசக்கர வாகனம் 25, கார் 6 என்று வந்தது. நடை எளிதில் விடுபட்டுப்போகும் ஒரு முறையிலேயே அதுதான் முதலிடத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் இந்தத் தரவு சாலைப் பொறியாளர் மேசைக்குப் போகும்போது இன்னொரு சரிவு. அங்கே கணக்கு ஆட்களில் இல்லை, கார்களுக்கு இணையான அலகில். சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 1990-இல் நகரச் சாலைகளுக்குத் தந்த அளவுப்படி கார் 1. பேருந்து, போக்குவரத்தில் அதன் பங்கைப் பொறுத்து, 2.2 முதல் 3.7 வரை. அதாவது 60 பேர் ஏறிய பேருந்தும் நான்கு கார்களுக்குள் அடங்கிவிடும். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சாலையின் கொள்ளளவுக்காக உருவான அலகு அது, அந்த வேலைக்குச் சரி. யாருக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று முடிவு செய்யும்போது ஆள் கணக்கையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும்.

நடந்ததைத் தேவை என்று எடுத்துக்கொள்வது

இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கணக்கெடுப்பு சொல்வது நேற்று என்ன நடந்தது என்பதை. போக நினைத்துப் போகாமல் விட்ட பயணம் எந்தப் படிவத்திலும் இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நாலு வீட்டில் வேலை செய்த பெண், காலை ஒரு நடை, மாலை ஒரு நடை என்று போய்வந்தவர். இப்போது அந்தத் தூரத்தைப் பேருந்தில் கடந்து, நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட முடியாது. வேலையை விடுகிறார். கணக்கெடுப்பு அவரிடம் வரும்போது நேர்மையாகவே 'பயணம் இல்லை' என்று பதிகிறது.

அந்தத் தாளை வைத்து 'இந்தப் பகுதியில் பயண எண்ணிக்கை குறைவு, கூடுதல் பேருந்து தேவையில்லை' என்று எழுதிவிடலாம். எண்ணிக்கை சரி, முடிவு தவறு. பேருந்து இல்லாததால் பயணம் இல்லை. பயணம் இல்லை என்பதால் பேருந்து இல்லை. பயண எண்ணிக்கை குறைவாக வரும் பகுதியில் கேட்க வேண்டியது இன்னும் ஒரே ஒரு கேள்வி: "கடந்த ஒரு மாதத்தில் போக வேண்டியிருந்தும் போகாமல் விட்ட இடம் உண்டா, ஏன்?" ஒரு நிமிடம்கூட ஆகாது.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. அதற்கு முன் எடுத்த கணக்கெடுப்பில் பெண்கள் குறைவாகப் பயணிப்பதாகத் தெரிந்தால், டிக்கெட் காசும் அதில் கலந்திருக்கிறது. கட்டணம் மாறிய பின்னும் அந்தப் பழைய விகிதத்தையே 2040 வரை நீட்டி வரைவது சரியாகாது.

எந்தச் சென்னை, எந்த ஆண்டு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்கப்பட்டன. இலவசமாகக் கிடைக்கும் நல்ல தரவு. ஆனால் அந்த அட்டவணை 'பிற தொழிலாளர்களை' மட்டும் சொல்கிறது. விவசாயம் செய்வோர், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் அதில் வரமாட்டார்கள். மாணவர்களும் இல்லை, கடைக்கும் மருத்துவமனைக்கும் போவதும் இல்லை. அதை 'நகரத்தின் பயணம்' என்று மேற்கோள் காட்டும் அறிக்கைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

எல்லையும் ஒரு பொறி. 2011 கணக்கெடுப்பின் சென்னை மாவட்டம் சுமார் 175 சதுர கிலோமீட்டர். அதே ஆண்டு பின்னால் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2008 ஆய்வின் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டர். 2022-இல் அதுவே 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் பெயர் 'சென்னை'தான். சிறிய சென்னையின் 2011 எண்ணையும் பெரிய சென்னையின் 2008 எண்ணையும் பக்கத்தில் வைத்து 'பேருந்துப் பயணம் குறைந்தது' என்று சொன்னால், குறைந்தது எதுவென்று யாருக்கும் தெரியாது.

பருவமும் அப்படித்தான். மே மாதப் பள்ளி விடுமுறையில் எடுத்ததும் ஐப்பசி மழையில் எடுத்ததும் ஒன்றாகாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் தி.நகரில் எண்ணியது வேறு எந்த வாரத்துக்கும் பொருந்தாது.

சின்ன மாதிரியைப் பொடிப்பொடியாக நறுக்குவது

ஒரு கணக்குப் போடுவோம். 10,000 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு ஒன்றரைப் பயணம் என்றால் 60,000 பயணங்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. நகரத்தை 200 பகுதிகளாகப் பிரித்தால், எங்கிருந்து எங்கே என்ற அட்டவணையில் 40,000 கட்டங்கள். சராசரியாகக் கட்டத்துக்கு ஒன்றரைப் பயணம்! பெரும்பாலான கட்டங்கள் காலியாக இருக்கும். காலி என்பதற்கு 'அங்கே யாரும் போவதில்லை' என்று பொருளில்லை. நாம் யாரையும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். நகர அளவில் உறுதியாகச் சொல்லக்கூடிய எண்ணை ஒரு தெருவுக்கு இறக்கும்போது அது ஊகமாகிவிடுகிறது. இதில் கேட்டட் கம்யூனிட்டிகளில் காவலாளி உள்ளேயே விடுவதில்லை என்பதால், கார் வைத்திருக்கும் வீடுகள் மாதிரியில் குறைந்துபோவதும் உண்டு.

"மெட்ரோ வந்தால் போவீர்களா?"

எல்லோரும் ஆமாம் என்பார்கள். கட்டணம், நிலையத்துக்கு நடக்கும் தூரம், ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்காத வரை அந்த ஆமாம் வெறும் மரியாதை. பென்ட் ஃபிளூபியர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 14 நாடுகளின் திட்டங்களை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவில், 10-இல் 9 ரயில் திட்டங்களின் பயணிகள் மதிப்பீடு உண்மையைவிட அதிகமாக இருந்தது.

நில மேம்பாட்டில் மட்டும் வரும் தவறு

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில் 500 வீடுகள் கொண்ட குடியிருப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் எத்தனை வண்டி வரும் என்று சொல்ல வேண்டும். பலர் இரண்டு குறுக்குவழிகளில் ஒன்றைப் பிடிக்கிறார்கள்.

முதலாவது, எந்த வகைக் கட்டடத்துக்கு எத்தனை வாகனப் பயணம் வரும் என்று சொல்லும் அமெரிக்கக் கையேட்டின் விகிதம். அங்குள்ள பல எண்கள் பேருந்தே இல்லாத, பார்க்கிங் இலவசமான புறநகர் இடங்களில் எண்ணப்பட்டவை. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அதிலிருந்து எடுத்துக்காட்டிய ஓர் உதாரணம் பிரபலம்: காரிலிருந்தே வாங்கிச் செல்லும் துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 632.125 வாகனப் பயணங்கள். மூன்று தசம இடத் துல்லியம். அடிப்படையோ வெறும் 8 ஆய்வுகள். பரப்புக்கும் பயணத்துக்கும் அந்தத் தரவில் தொடர்பே தெரியவில்லை. நம் ஊர் மனைக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து சாலை அகலத்தை முடிவு செய்வது நியாயமில்லை.

இரண்டாவது, வீட்டுக் கணக்கெடுப்பின் விகிதத்தை வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. உள்ளூர்த் தரவு என்பதால் சரியாகத் தோன்றும். ஆனால் அது அங்கே குடியிருப்பவர்கள் செய்யும் பயணம். அந்த வாசலுக்கு வரும் பயணம் அதைவிடப் பெரியது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், டிரைவர்கள், பள்ளி வேன், உணவும் மளிகையும் கொண்டுவரும் டெலிவரி பைக்குகள் யாருமே அந்தக் குடியிருப்பின் படிவத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் லாரி. குழாய் நீர் சரியாக எட்டாத ஓ.எம்.ஆர். குடியிருப்புகளுக்கு அதுதான் உயிர்நாடி. பின்னோக்கி எடுத்து உள்ளே நுழையும் ஒரு லாரி, சர்வீஸ் சாலையைச் சில நிமிடம் முழுதாக அடைத்துவிடும். எந்த வீட்டுக் கணக்கெடுப்பிலும் 'லாரி வந்தது' என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. அதே சாலையில், அதே விலையில், ஏற்கெனவே குடியேறி முடிந்த இரண்டு மூன்று குடியிருப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி நடக்கும் ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும், காலை 5 முதல் இரவு 11 வரை, வாசலில் ஆள் நிறுத்தி எண்ணுங்கள்: வாகனங்களையும், நடந்து வருகிறவர்களையும், வேலைக்காரர் நுழையும் பின்வாசலையும் சேர்த்து. கோடையில் லாரி கூடும் என்பதால் அந்த மாதங்களுக்கு மட்டும் குடியிருப்போர் சங்கத்தின் தண்ணீர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நாளொன்றுக்கு எத்தனை லோடு என்று அதில் இருக்கும்.