எம்வைடி88: நிறமூர்த்தத்தில் இடம் கண்டு, குளோனிங் பிரைமர் எழுதுவது

நிர்ப்பீடனக் கலத்தில் கிருமிகளை அடையாளம் காணும் ரிஎல்ஆர் வாங்கிகளில் பெரும்பாலானவை கிருமியை உணர்ந்ததும் அந்தச் செய்தியைக் கலத்தினுள் கடத்துவது எம்வைடி88 புரதம். இதன் பரம்பரையலகு எங்கே இருக்கிறதென்று பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். மாங்குளத்திலோ முல்லைத்தீவிலோ கைபேசியும் சிக்னலும் இருந்தால் போதும். உயர்தர உயிரியல் படிப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

1. பரம்பரையலகுத் தரவுகளைச் சேமிக்கும் என்சிபிஐ தளத்தில் என்எம்_002468 என்ற எண்ணை ஆங்கில எழுத்தில் தேடி, ஃபாஸ்டா வரிசையை (எழுத்து வடிவிலுள்ள வரிசை) பிரதி எடுங்கள்.

2. யூசிஎஸ்சி தளத்தில், ஒரு வரிசை மரபுத்தொகுதியில் எங்கே பொருந்துகிறதென்று தேடும் பிளாற் பெட்டியில் அதை ஒட்டி, மனிதன், எச்ஜி38 (மனித மரபுத்தொகுதியின் ஒரு பதிப்பு) எனத் தெரிவுசெய்து அனுப்புங்கள். விடை வந்ததும் படம்பிடித்து வையுங்கள். அது தளத்தில் நிலைத்திருக்காது.

3. முதல் வரியைப் பாருங்கள்: 3ஆம் நிறமூர்த்தம், கூட்டல் இழை. அந்த இடம் 3பி22.2 பட்டை, அதாவது குறுங்கை. மரபுத்தொகுதியில் பிடிக்கும் நீளம் நீங்கள் ஒட்டிய வரிசையைவிட அதிகமாக வரும், மிகுதி இன்ரோன்கள், அதாவது ஆர்என்ஏயிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகள். வேறொரு பரம்பரையலகைத் தேடும்போது இடைவெளியே இல்லாத பொருத்தம் வந்தால் போலிப் பரம்பரையலகோ (வழமையாகச் செயலிழந்த பிரதி) என்று சந்தேகியுங்கள்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பழைய கட்டுரைகளின் எண்கள் எச்ஜி19 என்ற முந்தைய பதிப்பின்படி இருக்கும். எச்ஜி38இல் இந்த இடம் சுமார் 41,000 மூலச் சோடி (டிஎன்ஏ எழுத்து) தள்ளி நிற்கிறது. பரம்பரையலகின் நீளமோ 5,000ஐக்கூடத் தொடாது. பதிப்பு மாறினால் முழுதாக வெளியே போய்விடுவீர்கள். எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் பதிப்பையும் எழுதுங்கள்.

4. குளோனிங்குக்கு (பரம்பரையலகைப் பிரதியெடுத்து வேறொரு டிஎன்ஏயில் இணைப்பதற்கு) தேவையான, புரதத்தைக் குறிக்கும் குறியீட்டுப் பகுதி 891 எழுத்து: 296 அமினோ அமிலமும் ஒரு நிறுத்தக் குறியும். பழைய பதிவுகள் 13 அமினோ அமிலம் முன்னதாகத் தொடங்கின. அதனால்தான் எல்265பி (265ஆவது அமினோ அமிலம் லியூசினிலிருந்து புரோலினாக மாறுவது) என்ற பிறழ்வு புதிய எண்ணில் எல்252பி ஆகிறது. தொடக்கக் குறியைச் சரிபார்க்காமல் பிரைமர் (பிரதியெடுத்தல் தொடங்க ஒட்டும் குறுந்துண்டு டிஎன்ஏ) எழுதாதீர்கள்.

முன் பிரைமர்: 4 முதல் 6 உதிரி எழுத்து, வெட்டும் நொதியத்தின் தளம், பிறகு தொடக்கக் குறியிலிருந்து 20 எழுத்து. உதிரி எழுத்தை விட்டால் நொதியம் நுனியில் பிடித்து நிற்க இடமின்றிச் சரியாக வெட்டாது. பின் பிரைமரும் அப்படித்தான், ஆனால் கடைசி 20 எழுத்தையும் நிரப்பு எழுத்தாக்கித் தலைகீழாகத் திருப்ப வேண்டும். உருகு வெப்பநிலையை அந்த 20 எழுத்துக்கு மட்டும் கணியுங்கள். தெரிவுசெய்த தளம் 891 எழுத்துக்குள்ளேயே இல்லையென்பதையும் உறுதிசெய்யுங்கள்.

5. பிசிஆருக்கு, அதாவது பிரைமரைக் கொண்டு டிஎன்ஏயைப் பெருக்குவதற்குத்தான் ஆய்வுகூடம் வேண்டும். இரத்தத்தின் டிஎன்ஏயை நேரடியாக வைத்தால் இன்ரோன்களும் சேர்ந்து பெருகும். ஆர்என்ஏயிலிருந்து செய்த சிடிஎன்ஏதான் தேவை. இன்ரோன் இல்லாத ஐஎஃப்என்பி1 போன்றவற்றுக்கு மட்டும் சாதாரண டிஎன்ஏ போதும்.